எத்தனை நிமிஷத்தில் ஏறினாய்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதையில் பர்லியாறு கடைகளின் முன்னால் நின்று பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த பைக்குகள் வரிசையாக நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் டீ கிளாஸோடு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: "எத்தனை நிமிஷத்துல ஏறின?"

நான் ஊட்டிக்காரன். இந்தக் கேள்வி பல வருடங்களாக என் காதில் விழுகிறது. கேட்பவர்களில் நிறையப் பேர் மோட்டோ ஜிபி (உலக சாம்பியன் பட்டத்துக்கான பைக் பந்தயம்) பார்ப்பவர்கள். அதில் ஓட்டும் மார்க் மார்க்கேஸின் முழங்கை தரையில் உரசும் படத்தைப் போனில் வைத்திருப்பவர்கள். அந்தப் பந்தயத்தில் பட்டம் யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீங்கள் பந்தயமே பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

யார் வேகமாக ஓட்டுகிறாரோ அவர்தானே ஜெயிப்பார்? ஒரு பந்தயத்தில் ஆமாம். ஆனால் உலகப் பட்டம் ஒரு பந்தயத்துக்குக் கிடைப்பதில்லை. ஒரு வருடத்தில் இருபது பந்தயத்துக்கு மேல்கூட நடக்கும், எல்லாவற்றிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் பட்டம். முதலில் வருபவருக்கு 25 புள்ளி. இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 16, அடுத்து 13, 11, 10 என்று குறைந்துகொண்டே போய்ப் பதினைந்தாவதாக வருபவருக்கு 1 புள்ளி. விழுந்து, ஓட்டத்தை முடிக்காதவருக்கு ஒன்றுமே இல்லை.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பந்தயம். ஒருவர் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை, பத்திலும் இரண்டாவதாக வந்தார். அவருக்கு 200 புள்ளி. இன்னொருவர் ஏழு பந்தயம் ஜெயித்தார், மூன்றில் விழுந்தார். அவருக்கு 175 தான். இரண்டாமவர் எட்டுப் பந்தயம் ஜெயித்து இரண்டில் விழுந்தால்தான் 200 வந்து சமமாகும். ஒருமுறை கீழே விழுந்ததை ஈடுகட்ட நாலு வெற்றி வேண்டியிருக்கிறது.

இது காகிதத்தில் மட்டும் நடக்கிற கணக்கா? இல்லை. 1999இல் 125 சிசி பிரிவில் ஸ்பெயினின் எமிலியோ அல்சமோரா ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு 227 புள்ளி. ஐந்து பந்தயம் ஜெயித்த மார்கோ மெலாண்ட்ரிக்கு 226. 2020இல் ஜோன் மிர் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்து மோட்டோ ஜிபி பட்டம் வாங்கினார். அதே வருடம் மூன்று பந்தயம் ஜெயித்த ஃபாபியோ குவார்த்தராரோ எட்டாவது இடத்தில் முடித்தார்.

எனக்கு மறக்கவே முடியாதது 2006. கடைசிப் பந்தயம் வலென்சியாவில். வாலண்டினோ ரோஸி 8 புள்ளி முன்னிலையில் இருக்கிறார். நிக்கி ஹேடனுக்குப் பின்னால் போய்விடாமல் ரோஸி தன் ஓட்டத்தை ஓட்டினாலே போதும். பந்தயத்தின் ஆரம்பத்திலேயே ரோஸி விழுந்தார். எழுந்து, மறுபடி ஏறி, பதின்மூன்றாவதாக முடித்தார். மூன்றாவதாக வந்த ஹேடனுக்குப் பட்டம், 252க்கு 247. அந்த வருடம் முழுவதும் ஹேடன் ஜெயித்தது இரண்டு, ரோஸி ஐந்து.

2024க்கு வாருங்கள். பெக்கோ பன்யாயா ஞாயிறு பந்தயங்களில் 11 ஜெயித்தார். ஹோர்கே மார்ட்டின் ஜெயித்தது 3. பட்டம் மார்ட்டினுக்கு, 508க்கு 498. சனிக்கிழமைகளில் நடக்கும் பாதி தூரப் பந்தயங்களில் பலவற்றிலும், ஞாயிறு பந்தயங்கள் சிலவற்றிலும் பன்யாயா புள்ளியில்லாமல் திரும்பியிருந்தார். மார்ட்டினும் விழுந்தார், ஆனால் விழாத நாட்களில் முதல் இரண்டு மூன்று இடங்களை விட்டு அவர் அநேகமாக இறங்கவே இல்லை.

"அப்படியென்றால் மெதுவாக ஓட்டினால் பட்டம் கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். பத்துப் பந்தயத்திலும் இரண்டாவதாக வருகிறவர் மெதுவாக ஓட்டுகிறவர் இல்லை. உலகத்தில் அவரைவிட வேகமானவர் அன்றைக்கு ஒருவர்தான். அவருடைய சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள லேப் (தடத்தின் ஒரு முழுச் சுற்று) நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இருபது சுற்றுப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய நேரங்கள் ஒன்றுக்கொன்று வினாடியில் பத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கியிருக்கின்றன. இன்னொருவர் ஒரு சுற்றில் அவரைவிட அரை வினாடி வேகம், அடுத்த சுற்றில் வளைவை அகலமாக எடுத்து ஒரு வினாடி இழக்கிறார், அதைப் பிடிக்க அடுத்த சுற்றில் இன்னும் தாமதமாகப் பிரேக் போடுகிறார். அந்த ஒரே ஒரு வேகமான சுற்றுதான் டிவியில் வரும். ஆனால் இருபதையும் கூட்டினால் முதலாமவர் முன்னால் இருப்பார், அவருடைய டயரிலும் மிச்சம் இருக்கும். இதைத்தான் நான் சீரான ஓட்டம் என்கிறேன்.

சரி, வழுக்காமல் போகக்கூடிய வேகத்துக்கு ஒரு எல்லை, எல்லை என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில். உங்கள் பைக்கின் ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அகலம்தான். பிரேக், திருப்பம், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் பிடியை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வளைவிலேயே முழுவதையும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு எதுவும் மிஞ்சாது. நடு வளைவில் பயந்து பிரேக்கை அழுத்துகிறவர்கள் விழுவது இதனால்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள், ஏனென்றால் நம் உள்ளுணர்வு இங்கே தவறாகச் சொல்கிறது. வளைவில் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தேவைப்படும் பிடி பத்து சதவீதம் கூடுவதில்லை, இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிடி நாலு மடங்கு வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. கிடைக்கிற நேரமோ குறைந்துகொண்டே வருகிறது.

அப்படியானால் எல்லையைத் தொடவே கூடாதா? தொட வேண்டும். தொடாதவர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமலே ஓட்டுவார், அதுவும் சீரான ஓட்டத்தைத் தராது. கேள்வி எப்போது, எந்த இடத்தில் என்பதுதான்.

மார்க்கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் அவர் 27 தடவை விழுந்தார், அந்த வருடப் பட்டமும் அவருக்குத்தான். விழுந்ததில் பெரும்பாலானவை பயிற்சி ஓட்டங்களில். எந்த வளைவில் முன்சக்கரம் எப்போது நழுவும் என்று வெள்ளிக்கிழமையே விழுந்து தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு நூல் உள்ளே ஓட்டினார். 2019இல் 19 பந்தயங்களில் 18இல் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தார். மீதி ஒன்றில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். எல்லையை இவ்வளவு தேடிய மனிதரின் பந்தய நாள் இவ்வளவு சீராக இருந்தது.

ஒருநாள் அவரும் அந்த நூலைத் தாண்டினார். 2020 ஜூலை 19, ஹெரெஸ். ஆரம்பத்தில் தடத்தை விட்டு வெளியே போய்ச் சரளையில் ஓடித் திரும்பினார். பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக முந்தி மூன்றாம் இடம் வரை வந்துவிட்டார். அதற்கும் மேலே போகப் பார்த்தபோது ஹைசைடு (பின்சக்கரம் வழுக்கி, திடீரென்று மறுபடி பிடித்து, ஓட்டியை மேலே தூக்கி எறிவது) ஆகி வலது மேல்கை எலும்பு முறிந்தது. அந்தக் கைக்கு நாலு அறுவை சிகிச்சை நடந்தது. 2019இல் வாங்கிய பட்டத்துக்கு அடுத்த பட்டம் 2025இல்தான் கிடைத்தது. மூன்றாம் இடத்தோடு நின்றிருந்தால் அன்றைக்கு 16 புள்ளி.

அவர் விழுந்து எழுந்த 27 தடவையும் அவரைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று யோசியுங்கள். தடத்துக்கு வெளியே வேகத்தைக் குறைக்கும் சரளைப் பரப்பு. காற்றுப்பை பொருத்திய தோல் உடை. ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆட்கள். ஒரே திசையில் மட்டும் ஓடும் வண்டிகள். வாசலில் ஆம்புலன்ஸ், உள்ளே டாக்டர். இவ்வளவு இருந்தால்தான் எல்லையைத் தேடிப் பார்க்க முடியும்.

நம் ஊரில் அப்படி இடம் உண்டா? உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் அமைத்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்ற சென்னை ஓட்டிகள் தேசியப் பட்டங்களைக் குவித்தது அந்தத் தடத்தை நெட்டுருப் போட்டுத்தான். உங்களுக்கு இன்னும் பக்கத்தில், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் நீளம். 1995இல் சிறுரக விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயர் தாங்கிய தடம். இந்திய மோட்டார் பந்தயத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். ஊட்டியிலிருந்து காலையில் இறங்கினால் மதியத்துக்கு முன் போய்விடலாம்.

தடம் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட்டில் இருங்காட்டுக்கோட்டையில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனான். பெங்களூர்ப் பிள்ளை, அந்த வயதிலேயே நல்ல பெயர் எடுத்தவன். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடையும் டாக்டரும் இருந்த இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், எதுவுமே இல்லாத இடத்தில்?

இப்போது நம் மலைப்பாதைக்கு வருவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. பைக் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த எண்கள் மந்திரம் மாதிரி. வளைவுகளைப் பார்த்ததும் கை துடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மலைவளைவைத் தடத்தின் வளைவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடத்தில் நீங்கள் அதே வளைவை ஒரு நாளில் ஐம்பது தடவை எடுக்கலாம், ஐம்பது தடவையும் அது அப்படியே இருக்கும். மலையில் அதே வளைவு காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

என்ன மாறும்? கற்பூர மரத்து இலை விழுந்து பனியில் ஊறிக் கிடக்கும். வாழைப்பழத்தோல் மாதிரி வழுக்கும். ஏறுகிற லாரியிலிருந்து டீசல் சிந்தியிருக்கும், அதுவும் சரியாக வளைவின் உட்புறத்தில், டேங்க் சாய்கிற இடத்தில். மேலே கேரட் ஏற்றிய வண்டி சேறு உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். குரங்குகள் குறுக்கே ஓடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் சாயங்காலமானால் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு இறங்கி நிற்கும். பத்து நிமிடத்துக்கு முன் தெளிவாக இருந்த இடத்தில் மஞ்சு இறங்கியிருக்கும்.

எனக்கே ஒருமுறை நடந்தது. லவ்டேல் பக்கம், ஆயிரம் தடவை போன வளைவு. வேகம் முப்பதுகூட இருக்காது. நனைந்த இலைமேல் முன்சக்கரம் போனது தெரியும், அடுத்து தெரிந்தது ரோடு. தோளில் அடி, ஒரு மாதம் கை தூக்க முடியவில்லை. எதிரே பஸ் வராத நேரம் என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு இந்த ரோடு அத்துப்படி" என்பார்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்தது ரோட்டின் வடிவம். அன்றைய ரோடு யாருக்கும் தெரியாது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நல்ல தார் ரோட்டில் சாதாரண டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர் பக்கம். அதே வளைவு நனைந்து பிடி பாதியானால் 28க்கும் கீழே. நேற்று 35இல் சுகமாக எடுத்த வளைவில் இன்று அதே 35இல் போனால், எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

அடுத்தது பார்வை. குன்னூர் பாதையில் பல திருப்பங்களில் 20, 25 மீட்டருக்கு அப்பால் தெரியாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே ஏதோ நிற்கிறது. மூளை கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு வினாடி, அதற்குள் 11 மீட்டர் போயிருக்கும். பிறகு நல்ல ரோட்டில் நிற்க இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 21, எப்படியோ தப்பித்தீர்கள். 60இல் போனால் மொத்தம் 40 மீட்டர் வேண்டும். பார்வைக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் அது. இறக்கமாக இருந்தால் இன்னும் கூடும்.

இவ்வளவு ஆபத்தை எடுத்து என்ன மிச்சம்? மேட்டுப்பாளையம் ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சராசரி 30இல் வந்தால் 100 நிமிடம். பத்து சதவீதம் கூட்டி 33இல் வந்தால் 91. ஒவ்வொரு வளைவிலும் இருபத்தொரு சதவீதம் கூடுதல் பிடி கடன் வாங்கி, கிடைத்தது ஒன்பது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் பர்லியாறில் டீ ஆறுகிற நேரம்.

சட்டம் என்ன சொல்கிறது? பொது ரோட்டில் பந்தயம் விட்டால், வேகத்தைச் சோதித்துப் பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு. முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு, 10,000 ரூபாய் வரை. இதைவிடப் பலர் கவனிக்காத விஷயம் இன்சூரன்ஸ். உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று அதில் இருக்கும். யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று நீங்களே எடுத்துப் போட்ட வீடியோ, இழப்பீடு கேட்கும் நாளில் உங்களுக்கு எதிராகப் பேசும்.

கல்லட்டி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அங்கே விபத்துகள் தொடர்ந்து நடந்ததால் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க விடுவதில்லை, மசினகுடியிலிருந்து ஏறி வரலாம். தலைக்குந்தாவில் தடுத்து நிறுத்தினால் போலீஸாரோடு வாதாடாதீர்கள். கூடலூர் வழியே சுற்றிப் போங்கள். அந்த இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன வண்டிகளின் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பந்தயக்காரர்களிடமிருந்து மலைக்கு எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. எல்லையைத் தேடுவதை அவர்களிடமே விட்டுவிட்டு, சீராக ஓட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரேக். ரோட்டில் நல்ல ஓட்டி வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டுத்தான் வண்டியைச் சாய்ப்பார். நீங்களும் நேராக இருக்கும்போதே பிரேக்கையும் கியரையும் முடித்துவிடுங்கள். வளைவுக்குள் கை லேசான, மாறாத ஆக்ஸிலரேட்டரில் இருக்கட்டும். வெளியே போகும் வழி கண்ணில் பட்ட பிறகு கூட்டுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

இறங்கும்போது கியர்தான் உங்கள் முதல் பிரேக். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், செங்குத்தான இடங்களில் முதல், இரண்டாம் கியர். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குவது தற்கொலை. பின் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஃபேட் (சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போவது) வரும். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் அதுதான் எச்சரிக்கை, ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் மலைக்கு வராதீர்கள்.

பந்தயத்தில் வளைவை வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே என்று முழு அகலத்தில் எடுப்பார்கள். அதை இங்கே செய்தால் எதிர்ப்பக்கம் பஸ் வரும் இடத்தில் போய் நிற்பீர்கள். உங்கள் பாதிக்குள்ளேயே இருங்கள். அந்தப் பாதிக்குள் வெளிவிளிம்பை ஒட்டிப் போய், வளைவு முழுவதும் தெரிந்த பிறகு தாமதமாகத் திரும்புங்கள். வலப்பக்கத் திருப்பத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும், சாய்ந்த உங்கள் தலை அந்தப் பக்கம் இருக்கும்.

அரசு பஸ் கொண்டை ஊசியில் திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் வழிவிட வேண்டும். அந்த டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வளைவுகளை எடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரே கோட்டில் எப்படி எடுக்கிறார் என்று கொஞ்ச நேரம் பின்னால் போய்ப் பாருங்கள். சீரான ஓட்டத்துக்கு இந்த மலையில் அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

குளிரையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பந்தயத்தில் டயரைப் போர்வை சுற்றிச் சூடாக்கிய பிறகே ஓட்டுவார்கள். உங்கள் டயருக்குப் போர்வை இல்லை. முதல் பத்து கிலோமீட்டர் அதற்குச் சூடேறும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தய வகை மிருதுவான டயர் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குளிரில் அது சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும்.

"மேலே வந்தால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று பலர் சொல்வார்கள். வண்டியில் கோளாறு இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டிக் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜின் பலமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். அதனால் ஏறும்போது கை தானாகக் கூடுதலாகத் திருகும். இறங்கும்போது அந்தப் பழக்கத்தை மேலேயே விட்டுவிட்டு வாருங்கள். காற்று மெலிந்தாலும் இறக்கத்தின் இழுப்பு குறையாது.

குழுவாக வருகிறீர்களா? பல விபத்துகளுக்கு விதை அங்கேதான் விழுகிறது. முன்னால் போகிறவரின் பிரேக் லைட்டைப் பார்த்து நீங்கள் பிரேக் போட்டால், ஓட்டுவது அவர், விழுவது நீங்கள். குழுவில் புதியவரை இரண்டாவதாக விடுங்கள், முன்னால் போகிறவர் அவருடைய வேகத்துக்கு ஓட்டட்டும். ஒவ்வொரு ஊர் வந்ததும் நின்று எண்ணிக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொண்டால், பின்தங்கியவர் பிடிக்க ஓடிவர மாட்டார்.

எல்லாம் சரி, ஸ்டாப்வாட்ச் இல்லாமல் நான் முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்? வேறொன்றை எண்ணுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் வரை எத்தனை தடவை பதறிப் பிரேக் போட்டீர்கள்? எத்தனை தடவை நடு வளைவில் ஹேண்டில்பாரைத் திருத்தினீர்கள்? எத்தனை தடவை நடுக்கோட்டைத் தாண்டினீர்கள்? மூன்றையும் கூட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை இருபது வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த மாதம் பத்தாகட்டும். பூஜ்யத்தோடு ஏறி வரும் நாளில், நேரத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். முன்பைவிடப் பெரிதாகப் பின்தங்கியிருக்க மாட்டீர்கள், பல சமயம் முன்னாலேயே இருப்பீர்கள். பதறிய ஒவ்வொரு பிரேக்கும் நேரத்தைத் தின்றுகொண்டுதான் இருந்தது.

சீரான ஓட்டத்துக்குக் கடைசியாக இன்னொரு உதாரணம். ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார், மொத்தத்தில் பதினொன்றாம் இடம். ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு, அந்த டிவிஎஸ் நம் ஓசூரில் இருக்கிறது. இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனம். அங்கே ஒருநாள் முதலாவதாக வருபவர் மறுநாள் எல்லோருக்கும் முன்னால், பின்பற்ற ஒரு சக்கரத்தடம்கூட இல்லாத மணலில் வழி தேடிப் போக வேண்டும், அதில் நேரம் போய்விடும். தினமும் ஓட்டத்தை முடித்து, வண்டியையும் உடம்பையும் மறுநாளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்குத்தான் கடைசி நாளில் இடம் கிடைக்கும்.

எல்லையைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு வார இறுதியை ஒதுக்கி, பணம் கட்டி, தோல் உடை வாடகைக்கு எடுத்தாவது தடத்தில் ஒரு பயிற்சி நாளுக்குப் போங்கள். அங்கே விழுங்கள், எழுந்திருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஊட்டிக்கு வாருங்கள். பர்லியாறில் டீ குடிக்கும்போது யாராவது "எத்தனை நிமிஷத்துல ஏறின?" என்று கேட்டால், "எத்தனை தடவை பதறின?" என்று திருப்பிக் கேளுங்கள்.